மூக்கம்மாவும் திரும்பி வரும் பைகளும்

முகம் முழுவதையும் பைக்குள் விட்டு ஒரு மூச்சு இழுப்பார். பிறகு தலையை வெளியே எடுத்து, கண்ணை மூடியபடி சற்று நிற்பார். அதற்குள் பையின் கதி முடிவாகிவிடும். வலப்பக்கக் கூடையில் விழுந்தால் தட்டி மடித்து மறுபடி வீடுகளுக்குப் போகும். நடுக்கூடை என்றால் வாஷிங் மெஷினுக்கு. இடப்பக்கம் விழுந்த பைக்கு ஆயுசு முடிந்தது, கிழித்துத் தரை துடைக்கத்தான் ஆகும். இடப்பக்கம் போடும்போது மட்டும், "சரி, போய்ட்டு வா" என்பார்.

எங்கள் சூப்பர் மார்க்கெட்டின் பின்புறம், சரக்கு இறக்கும் இடத்தை ஒட்டிய ஜன்னல் இல்லாத அறை அது. வீடுகளுக்கு அனுப்பும் சாமான்களை முன்பெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு அனுப்பினோம். முட்டைக்கு ஒரு பை, சோப்புக்கு ஒரு பை, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட இன்னொரு பை. ஒரு தடவை சாமான் வந்து இறங்கினாலே அந்த வீட்டுக் குப்பைத் தொட்டி நிறைந்துவிடும். அதை நிறுத்திவிட்டுக் கனமான துணிப்பைகளில் அனுப்ப ஆரம்பித்தார்கள். டெலிவரிக்குப் போகிறவர் சாமானைக் கொடுத்துவிட்டு, போன தடவை கொடுத்த பைகளைக் கையோடு வாங்கி வர வேண்டும். அப்படித் திரும்பி வருகிற பைகளை யாராவது பார்த்துப் பிரிக்க வேண்டுமே, அதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர் இவர். அதே அறையின் மூலையில் மேஜையும் தொலைபேசியும் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர்களின் புகார் கேட்பவள் நான். தனி அறை ஒதுக்கும் அளவுக்குப் புகார்களுக்கு எங்கள் கடையில் மரியாதை கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே டெலிவரி ஆட்கள் அவருக்கு மூக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயருக்குத் தகுந்த மூக்கு இல்லை, சின்ன சப்பை மூக்குதான். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை நிஜப்பெயர் என்றே நம்பி, "எங்க பெரியம்மா பேரும் மூக்கம்மாதாங்க" என்று உறவு கொண்டாடினார். இவர் மறுக்கவில்லை. "நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கையுறை போட மாட்டார், "கைக்கும் மூக்குக்கும் ஏதோ கூட்டு இருக்கும்மா, ஒண்ண மூடினா இன்னொண்ணு வேலை செய்யாது" என்பார். சோப்புத் தண்ணீரில் விரல்களின் ஓரமெல்லாம் வெடித்திருக்கும். பைகளை முகர்ந்தபடியே, யாரிடமும் சொல்வதாக இல்லாமல் சொல்லிக்கொண்டிருப்பார். "பினாயில் கொட்டிருக்கு." "இது பூனை படுத்த பை." "இந்த வீட்டுல கைக்குழந்தை." ஒருநாள் ஒரு பையிலிருந்து தலையை எடுத்தவர், "இங்க யாரோ படுத்த படுக்கையா இருக்காங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மருந்து வாடைக்கு மேல பவுடர் கொட்டி மறைச்சிருக்காங்க. எங்க மாமியாருக்கு நானும் அப்படித்தான் கொட்டினேன்."

அந்தப் பையைத் தனியாக, கையாலேயே துவைத்தார்.

பைக்குள் வெறும் வாடை மட்டும் வராது. ஒற்றைக் காலுறை, டிவி ரிமோட், பள்ளிக்கூடத்து அடையாள அட்டை, ஒருமுறை பாதி தின்ற ரொட்டி. ஒரு வீட்டம்மா தன்னிடம் சேர்ந்திருந்த பழைய பிளாஸ்டிக் பைகளையெல்லாம் முக்கோணமாக மடித்து, துணிப்பை நிறைய அடைத்து அனுப்பிவிட்டார். கூடவே டெலிவரிக்காரரிடம், "இதையும் உங்க கடையில எடுத்துக்கச் சொல்லுங்க, பாவத்தைத் தொலைச்சுடறேன்" என்று சொல்லிவிட்டாராம். மூக்கம்மா அந்த முக்கோணங்களில் ஒன்றைப் பிரித்து, அடிப்பக்கம் ஒட்டியிருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதைப் பழையபடியே மறுபடி மடித்தார். அன்று அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

திட்டம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. போன பைகளில் பாதிதான் திரும்பி வந்தன. நான் தொலைபேசியில் கேட்டால், "எந்தப் பை?" என்பார்கள். உருளைக்கிழங்கு போட்டு வைத்தவர்கள் உண்டு, ஊருக்குப் போகும்போது துணி எடுத்துப் போனவர்கள் உண்டு, நாய்க்கு மெத்தையாக்கியவர் உண்டு. திரும்பி வந்த பைகளில் போய்ச் சேர்ந்த சாமானைப் பற்றியும் புகார் வரும். "மத்தவங்க வீட்டுப் பையில எங்க வீட்டு அரிசியா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொரு அம்மா பையில் மீன் வாடை அடிக்கிறது என்றார். அதை நான் திருப்பிச் சொன்னபோது மூக்கம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் போல அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

மேனேஜர் பொல்லாதவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே முதலாளி இருந்தார். ஒவ்வொரு புகாருக்கும் அறை வாசலில் வந்து நின்று, "பேசாம பழையபடி பிளாஸ்டிக்கே குடுத்துடலாம் போலிருக்கு. சுத்துவட்டாரத்துல எல்லாக் கடையிலயும் மறைச்சு வெச்சுக் குடுக்கிறான். நம்ம தலையில மட்டும் என்ன எழுதியிருக்கு?" என்பார். அவர் போன பிறகு மூக்கம்மா வலப்பக்கக் கூடையிலிருந்து பைகளை எடுத்து மறுபடி ஒரு தடவை முகர்வார்.

அவருடைய கணவர் பிளாஸ்டிக் பை செய்யும் கம்பெனியில் இருந்தவர் என்பதை நான் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். உருளையாகச் சுற்றிய பிளாஸ்டிக் தாளை இழுத்து, அடியைச் சூட்டில் ஒட்டி வெட்டும் மெஷினை ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே மெஷின். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, கடைகள் வாங்குவதைக் குறைத்தன, கம்பெனியை மூடினார்கள். கம்பெனி மூடிய சமயத்தில்தான் எங்கள் கடை துணிப்பைக்கு மாறியது, இவருக்கு வேலை கிடைத்தது.

"ஒரு வார்த்தை குறை சொல்லலை அவரு. மொத நாள் வேலைக்குக் கிளம்பறேன், 'என்ன வேலை'ன்னாரு. சொன்னேன். 'அப்போ வீட்டுல ஒருத்தராவது பையோட இருக்கோம்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் சிரிக்க வரலை."

அவர்களுக்கு ஒரே மகள், பள்ளியில் படிக்கிறாள். கம்பெனி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பிளாஸ்டிக்கின் தீமைகள் பற்றிப் பேச்சுப் போட்டிக்கு எழுதி மனப்பாடம் செய்து, அப்பாவிடம்தான் முதலில் பேசிக் காட்டினாளாம். மாடு செத்தது, சாக்கடை அடைத்தது, கடல் நிறைந்தது எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் பாப்பா, கடைசியில கொஞ்சம் நிறுத்திப் பேசு" என்றாராம். அவளுக்குப் பரிசும் கிடைத்தது.

வேலை போனபின் அவர் வீட்டிலேயே இருந்தார். துணி துவைத்தார், தண்ணீர் பிடித்தார், மகளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டினார். அக்கம்பக்கத்தாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மூக்கம்மாதான் மேனேஜரிடம் கெஞ்சி, திரும்பாத பைகளை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். நான் அவரை அப்போதுதான் பார்த்தேன். உயரமானவர், பேசும்போது குனிந்துகொள்வார். கொஞ்ச நாள் போனார். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து, "ஒரு துணிப்பைக்கு ஆள் அனுப்பறீங்களா? நாங்க என்ன திருடிட்டோமா?" என்று ஒரு குரல் கேட்டதாம். இவர் மூடிய கதவைப் பார்த்து, "இல்லைங்க" என்றாராம். திரும்பி வந்து கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, "அவளுக்குக் கெட்ட பேரு வராமப் பாத்துக்கோங்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை கிடைத்தது. ஏதோ குடோனில் காவல் வேலை என்று மூக்கம்மா சொன்னார். அதைச் சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை. நான் தோண்டிக் கேட்கவில்லை.

ஒரு நாள் மதியம் வாஷிங் மெஷினிலிருந்து துவைத்த பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் ஆண் சட்டை வந்தது. நீலச் சட்டை, கழுத்துப்பட்டை தேய்ந்தது. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"ஒரு சட்டைதானே" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையேக்கா."

சட்டையை உதறினார். முகத்தருகே கொண்டுபோனார். அடுத்த சுற்றுக்கு அதை மறுபடி மெஷினுக்குள் போட்டுவிட்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவரு மறுபடி பை செய்யப் போயிட்டாரும்மா."

"குடோன்னு சொன்னீங்களே?"

"அவரு சொன்னதை நான் சொன்னேன். மொத நாளே தெரிஞ்சுபோச்சு. சூடு காட்டின பிளாஸ்டிக்கு வாடை எத்தனை வருஷம் எங்க வீட்டுல இருந்தது தெரியுமா? தலையணையில, தலைமுடியில, பொண்ணு தொட்டில்ல. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே வந்துடுச்சு. தடை இருக்கே, ஷட்டரை இறக்கிட்டு உள்ளதான் ஓட்டணும். காத்து வர வழி கிடையாது. அது என் மூக்கு சொல்லலை, அவரு தூக்கத்துல இருமறாரு, அது சொல்லுது."

"நீங்க கேக்கலையா?"

"என்னன்னு கேக்கறது? பொய் சொல்லாதீங்கன்னா? வீட்டுல சும்மா உக்காந்திருந்தப்ப அந்த மனுஷன் முகத்தைப் பாத்தவ நான். இப்ப சாயங்காலம் வந்தா நாலு வார்த்தை பேசறாரு. பாப்பாகிட்ட கணக்குப் பாடம் கேக்கறாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பாப்பாவுக்கும் இந்த வாடை தெரியும். அதான் சட்டையை இங்க கொண்டாறேன்" என்றார்.

சுற்றுவட்டாரக் கடைகளில் மறைத்துக் கொடுக்கும் பைகள் எங்கிருந்தோ வந்துகொண்டுதானே இருந்தன. அவை பெருகப் பெருக எங்கள் மேனேஜர் வாசலில் வந்து நிற்பதும் அதிகமாயிற்று. மூக்கம்மாவின் வேலை கணவருடைய வேலையைத் தின்றது போக, இப்போது கணவருடைய வேலை மூக்கம்மாவுடையதைத் தின்ன ஆரம்பித்திருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூக்கம்மாவுக்குத் தெரியாததில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் புகார் தொலைபேசி அடித்தது. வழக்கம்போல எண்ணெய் ஒழுகியது, முட்டை உடைந்தது என்று நினைத்து எடுத்தேன். ஓர் ஆண் குரல், தெருச் சத்தத்துக்கு நடுவே கேட்டது.

"பை பாக்கற அம்மா இருக்காங்களா? அவங்க வீட்டுக்காரருக்குக் கையில அடி. பஸ் ஸ்டாப்புல உக்கார வெச்சிருக்கோம். வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"நீங்க யாரு? எந்த இடத்துல அடிபட்டது?"

எந்தப் பஸ் ஸ்டாப் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

நானும் உடன் போனேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்தவர்கள் யாரும் இல்லை. வலது கையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். புதுப் பை, மடிப்புக்கூடக் கலையாதது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சற்றுத் தள்ளி நின்றார்கள். மூக்கம்மாவைப் பார்த்ததும் அவர், "இஸ்திரிப் பெட்டி சுட்டதுன்னு சொல்லணுமாம்" என்றார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை மூக்கம்மா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தாங்கியபடி இருந்தார்.

டாக்டர் ஓர் இளம்பெண். பையை வெட்டி எடுத்துவிட்டுக் கையைப் பார்த்தவர் முகம் மாறவில்லை, குரல்தான் மெதுவானது.

"எப்படி ஆச்சு?"

"இஸ்திரிப் பெட்டிங்க" என்றார் அவர்.

"இஸ்திரிப் பெட்டி ரெண்டு பக்கமும் சுடுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள என்னமோ உருகி ஒட்டியிருக்கு. என்னன்னு தெரிஞ்சாதான் நான் கை வைக்க முடியும். சொல்லுங்க."

"பெட்டிதாங்க" என்றார் மறுபடி. சொல்லும்போது மனைவியைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. அதில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அந்த ஷட்டருக்குப் பின்னால் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது, நாளைக்கு நான் எங்கே போவேன், எல்லாம் அதில் இருந்தது.

மூக்கம்மா கண்ணை மூடினார். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"அது பிளாஸ்டிக்கு, டாக்டர். பை ஒட்டற மெஷின்ல கை மாட்டிக்கிச்சு."

கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் எங்கிருந்து கூட்டி வந்தீர்கள் என்று கேட்டார். பஸ் ஸ்டாப்பைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கை தப்பியது அந்த உண்மையால்தான் என்று டாக்டர் மூக்கம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். ஆனால் விஷயம் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், பஸ் ஸ்டாப்பைச் சுற்றித் தேடிய போலீசுக்கு அந்த ஷட்டரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சீல் வைத்தார்கள். அந்த இடத்து முதலாளி ஓடிவிட்டான். உள்ளே வேலை செய்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

அவர்களில் இரண்டு பெண்கள் ஒருநாள் மூக்கம்மாவின் வீட்டுக்கு வந்தார்களாம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார்கள். ஒருத்திதான் பேசினாள். "உன்னைத் திட்டறதுக்கு வரலை. மூஞ்சியைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்." பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன் என்று மூக்கம்மா என்னிடம் சொன்னார்.

சுற்றுவட்டாரக் கடைகளில் சில வாரம் மெல்லிய பைகளைக் காணவில்லை. எங்கள் கடைக்குக் கூட்டம் கூடியது, துணிப்பைகள் அதிகமாகத் திரும்பி வந்தன. பையைத் திருப்பித் தராத வீட்டுக்கு அடுத்த சாமான் கிடையாது என்று எங்கள் கடை முதலாளியே அறிவித்தார். மேனேஜர் வாசலில் வந்து நின்று, "பரவாயில்லைம்மா, ஓடுது" என்று பாராட்டினார். மூக்கம்மா தலையாட்டினார். பிறகு கடைகளில் பிளாஸ்டிக் பை மறுபடி வந்தது, வேறு நிறத்தில். எங்கேயோ இன்னொரு ஷட்டர் இறங்கியிருக்க வேண்டும்.

அவர் கணவர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வேண்டியதை மகள் வழியாகச் சொல்வார். "அம்மாகிட்ட மருந்து தீர்ந்துபோச்சுன்னு சொல்லு." அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்ட செய்தியையே மறுபடி ஒருமுறை சொல்வாள். மூக்கம்மாவும் மகளிடமே பதில் சொல்வார்.

"தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். கையில் ஒரு பை, முகராமல் பிடித்தபடியே இருந்தது. "கை தப்பிச்சுதே" என்றேன் நான். "கை தப்பிச்சுது" என்றார். பிறகு பையை நடுக்கூடையில் போட்டார். அது சுத்தமான பை என்று எனக்கே தெரிந்தது.

அறையில் இப்போது அவர் பேச்சு குறைந்துவிட்டது. பூனை, குழந்தை, பினாயில் எதுவும் காதில் விழுவதில்லை. கூடைகள் மட்டும் நிறைகின்றன. டெலிவரி ஆட்கள் அவருக்கென்று ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் பஸ் வேலைநிறுத்தம். சரக்கு வண்டியில் போகும் வழியில் அவரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். குறுகிய சந்து, வரிசையாக ஒற்றை அறை வீடுகள். மகள் பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள். கணவர் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார். மூக்கம்மா அவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்து, தண்ணீர்ச் சொம்பை இடது கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, பின்பக்கம் முகம் கழுவப் போனார்.

கணவர் எழுந்தார். வாசலுக்கு வந்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். வாசற்படியில் மூக்கம்மாவின் செருப்புகள் ஒன்று கவிழ்ந்தும் ஒன்று உள்பக்கம் பார்த்தும் கிடந்தன. அவர் மெல்லக் குனிந்து, இடது கையால் கவிழ்ந்ததை நிமிர்த்தினார். இரண்டையும் சேர்த்து, மனைவி கால் நுழைக்கத் தோதாக, தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்த மூக்கம்மா செருப்பருகில் ஒரு கணம் நின்றார். பிறகு, ஈரமாக இருந்த தன் கால்களை மிதியடியில் ஒவ்வொன்றாக நன்றாகத் துடைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.